தரையைப் பார்த்துத் தள்ளு

"இன்னிக்கு இன்னா பாடம் பாப்பா?"

தினமும் காலையில் அம்மா போனில் கேட்கும் கேள்வி இது. "சும்மா திரும்புறதுதாம்மா" என்றேன்.

அது முழுப் பொய் இல்லை. அன்றைக்கு விமானம் திரும்பத்தான் போகிறது. மூக்கைக் கீழே தொங்கப் போட்டுக்கொண்டு, பம்பரம் மாதிரி, விழுந்துகொண்டே திரும்பப் போகிறது. அந்தப் பாதியை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை. பைலட் பயிற்சியில் அதற்கு 'ஸ்பின்' என்று பெயர். வேண்டுமென்றே விமானத்தைச் சுழல விட்டு, பிறகு மீட்டுக்கொண்டு வர வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் களம்பூர். ஆரணிக்குப் பக்கம் என்றால்தான் வெளியூர்க்காரர்களுக்குப் புரியும். எங்கள் ஊரில் ரயில் நிற்கும், ஆனால் ஸ்டேஷன் பெயர்ப் பலகையில் 'ஆரணி ரோடு' என்றுதான் எழுதியிருக்கும். இந்தக் கோபம் களம்பூர்க்காரர்கள் எல்லோருக்கும் உண்டு. களம்பூர் அரிசியைச் சொன்னால் மட்டும் கொஞ்சம் பேர் தலையாட்டுவார்கள். நெல் அவிக்கும் வாசனையும் தறிச் சத்தமும் இல்லாமல் எனக்குச் சின்ன வயசு ஞாபகமே கிடையாது. அப்பா பட்டு நெசவு. வீட்டுக் கூடத்தில் குழித்தறி. ஒரு முகூர்த்தப் புடவை முடிந்து கூலி வந்தால்தான் அடுத்த மாதச் செலவு.

அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் விமானம் ஓட்டப் போனது எப்படி என்பது பெரிய கதை. சுருக்கமாகச் சொன்னால் வீட்டுப் பத்திரம் பேங்க்கில் இருக்கிறது, அத்தையின் நகை இன்னொரு இடத்தில் இருக்கிறது. நம் நாட்டில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் காசு. ஒரு மணி நேரம் பறந்து இறங்கும்போதெல்லாம், இது அப்பாவுக்கு எத்தனை புடவை என்று மனசு கணக்குப் போடும். போடாதே என்று சொன்னாலும் போடும்.

வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளி. பெயர் வேண்டாம். எனக்கு வாய்த்த பயிற்சியாளர் விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்றவர், மலையாளி. தாம்பரம் விமானப் படைத் தளத்தில் பல வருஷம் இருந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். 'சார்' என்றே சொல்கிறேன். சிரிக்கவே மாட்டார். ஆனால் ஒரு தடவைகூடக் கத்தி நான் கேட்டதில்லை.

ஸ்பின்னுக்கு முன்னால் 'ஸ்டால்' என்ற ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்டால் என்றால் இன்ஜின் நின்றுபோவது என்றுதான் எங்கள் தெருவில் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்ஜினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆரணியிலிருந்து களம்பூர் வரும் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, கண்டக்டரிடம் திட்டு வாங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் பாதிப் பாடம் உங்களுக்குத் தெரியும். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினால் காற்று கையை மேலே தள்ளும். இன்னும் கொஞ்சம் தூக்கினால் இன்னும் மேலே போகும். ஆனால் ஓர் அளவைத் தாண்டித் தூக்கிவிட்டால் மேலே தூக்கும் விசை போய்விடும். காற்று கையைப் பின்னால் அடிக்கும், அவ்வளவுதான். இறக்கையும் அப்படியே. எதிரே வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் நடுவே உள்ள கோணம் சுமார் 15 டிகிரியைத் தாண்டினால், இறக்கையின் மேல் ஒட்டி ஓடிய காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும். தூக்கும் விசை சரிந்துவிடும். இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதுதான் ஸ்டால்.

இரண்டு இறக்கையும் ஒன்றாக ஸ்டால் ஆனால் பெரிய ஆபத்தில்லை. மூக்கு தானாகக் கீழே சாயும், வேகம் வரும், மீண்டும் பறக்கலாம். அந்த நேரத்தில் விமானம் ஒரு பக்கமாக மூக்கைத் திருப்பிக்கொண்டிருந்தால்தான் வினை. ஓர் இறக்கை அதிகமாகவும் இன்னொன்று குறைவாகவும் ஸ்டால் ஆகும். அதிகமாக ஆன பக்கம் கீழே விழும், பின்னால் இழுக்கும். மற்றது அதைச் சுற்றிக்கொண்டு வரும். ஒருமுறை ஆரம்பித்துவிட்டால் சுழற்சி தன்னைத்தானே ஊட்டி வளர்த்துக்கொள்ளும். அதுதான் ஸ்பின்.

சார் போர்டில் எழுதிப் போட்டார். த்ராட்டிலை முழுக்கக் குறை. இறக்கை நுனியில் இருக்கும் அய்லரானை நடுவில் வை. சுழலும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க ரடர் பெடலை முழுசாக மிதி. உடனே யோக்கை முன்னால் தள்ளு. சுழற்சி நின்றதும் காலை நடுவுக்குக் கொண்டு வந்து, மெதுவாக மூக்கைத் தூக்கி வெளியே வா.

யோக் என்றால் கார் ஸ்டியரிங் மாதிரி எதிரே இருப்பது. பின்னால் இழுத்தால் மூக்கு மேலே போகும், முன்னால் தள்ளினால் கீழே போகும். ரடர் பெடல் காலடியில். அது வாலில் இருக்கும் பலகையை இடமும் வலமும் திருப்பும்.

"இதில் எது கஷ்டம்?" என்று கேட்டார் சார்.

"எதிர்ப்பக்கக் காலா சார்? குழப்பம் வரும்."

"இல்லை. முன்னால் தள்ளுறது."

நோட்டில் எழுதிக்கொண்டேன். புரிந்தது என்றுதான் நினைத்தேன்.

எங்கள் விமானம் செஸ்னா 152. இரண்டே இருக்கை, 110 குதிரைத்திறன். ஸ்பின் செய்து பழக அனுமதி உள்ள விமானம். ஒரு சுற்று சுழன்று மீள்வதற்குக் குறைந்தது ஆயிரம் அடி உயரம் போகும் என்று வைத்துக்கொள்ள வேண்டும், தரைக்கு 4,000 அடிக்கு மேலேயே மீட்டு முடித்திருக்க வேண்டும் என்று அதன் கையேடே சொல்கிறது. ஆறு சுற்று என்றால் 6,000 அடிக்கு மேலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நாங்கள் அதற்கும் மேலே ஏறினோம். இடமும் வலமும் திரும்பி, கீழே வேறு விமானம் இல்லை என்று பார்த்துக்கொண்டோம். பெல்ட்டை இன்னொரு முறை இறுக்கச் சொன்னார். என் பேனாவை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். சுற்றும்போது பறக்குமாம்.

முதல் ஸ்பின் அவர் செய்தார். த்ராட்டிலைக் குறைத்ததும் இன்ஜின் முணுமுணுப்பு மட்டும்தான். மூக்கு மேலே, மேலே. ஸ்டால் வரப்போகிறது என்று எச்சரிக்கும் ஹார்ன் பீப்பி மாதிரி ஊத ஆரம்பித்தது. யோக்கை முழுக்க இழுத்து, இடது பெடலை முழுசாக மிதித்தார்.

இடது இறக்கை காலடியிலிருந்து உருவப்பட்ட மாதிரி விழுந்தது. வானம் போய்விட்டது. கண்ணாடி முழுக்கத் தரை. வயல், ரோடு, ஒரு குளம், திரும்பவும் வயல். நான் தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன், தரை சுற்றுகிறது. ஆச்சரியம் என்னவென்றால் வேகமானியில் முள் மிகக் கீழே கிடந்தது. இவ்வளவு வேகமாக விழுகிறோமே, முள் ஏன் ஏறவில்லை என்று தோன்றியது. இறக்கை இன்னும் ஸ்டாலில் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று அப்புறம் சார் சொன்னார். மூக்கு கீழே இருந்து வேகம் ஏறிக்கொண்டே போனால் அது வேறு வியாதி, அதற்கு வேறு மருந்து.

அவர் காலை மாற்றினார், தள்ளினார், நின்றது. வெளியே வந்தோம்.

"இப்போ நீ."

இறக்கை விழுந்தது. தரை வந்தது. எதிர்க் காலை மிதித்துவிட்டேன், அது சரியாகவே வந்தது. ஆனால் கைகள்? இரண்டு கையாலும் யோக்கை நெஞ்சோடு சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

"தள்ளு."

தரை நேராகக் கீழே இருக்கிறது. அதை நோக்கி இன்னும் தள்ளு என்கிறார். என் மூளைக்குப் பாடம் தெரியும். கைக்குத் தெரியவில்லை. கை, குழந்தை விழும்போது அம்மா சேலையைப் பிடிக்குமே, அப்படிப் பிடித்திருந்தது.

"தள்ளும்மா."

முடியவில்லை. "ஐ ஹாவ் கன்ட்ரோல்" என்றார் சார். அவர் கை வந்து யோக்கை என் பிடியோடு சேர்த்து முன்னால் தள்ளியது. நேராகி வந்ததும் பையை எடுத்து வாந்தி எடுத்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னிக்குப் போதும்" என்றார்.

அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் செய்து, எனக்கு இது வேண்டாம் என்றேன். ஊருக்கு வந்து பி.எட். படிக்கிறேன், ஏதாவது செய்கிறேன், வாங்கிய கடனைக் கட்டிவிடலாம் என்றேன். அழுதேன். நடந்ததைச் சொன்னேன், "அம்மாகிட்ட சொல்லாதப்பா" என்று.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் தறிச் சத்தம் இல்லை. மணி ஒன்பதுக்கு மேல் இருக்கும்.

"அந்த சாரு, கூடவே இருந்தாரா?"

"பக்கத்து சீட்லதான்."

"அவருக்குப் பொண்டாட்டி, புள்ளைங்க?"

"ரெண்டு பசங்க இருக்காங்க."

"அப்போ அவரு உன்ன நம்பியா ஏறுறாரு? அவரு கையில எடுத்தா நேராவும்னு தெரிஞ்சுதான ஏறுறாரு. அவருக்குத் தெரிஞ்சத அவரு எங்கியோ கத்துக்கினவர்தான?"

அவ்வளவுதான் சொன்னார். வா என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. "கடன் கதையெல்லாம் உனக்கு எதுக்கு, சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

தூக்கம் வரவில்லை. சாருக்குத் தெரிந்தது எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். விடியும்வரை படித்தேன்.

விமானம் கண்டுபிடித்த புதிதில் ஸ்பின் என்றால் சாவு என்றே வைத்திருந்தார்கள். எப்படி வருகிறது என்றும் தெரியாது, எப்படி மீள்வது என்றும் தெரியாது. 1912 ஆகஸ்ட் 25. இங்கிலாந்தில் சாலிஸ்பரி சமவெளி. வில்ஃப்ரெட் பார்க் என்ற கடற்படை லெப்டினன்ட் ஒரு ஆவ்ரோ விமானத்தைச் சோதனைக்கு ஓட்டிவிட்டு இறங்கும்போது, சில நூறு அடி உயரத்தில் ஸ்பின்னில் மாட்டிக்கொண்டார். அன்றைக்கு எல்லோரும் சரி என்று நம்பியதை அவரும் செய்து பார்த்தார். இழுத்தார். சுழலும் பக்கமே ரடரைத் திருப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், வேறு எதுவும் மிச்சம் இல்லாததால், ரடரை நேர் எதிராகத் திருப்பினார். சுழற்சி நின்றது. அப்போது தரை சுமார் 50 அடி கீழே இருந்தது. கீழே நின்று பார்த்தவர்கள் பலர். இறங்கியதும் தான் என்னென்ன செய்தேன் என்று அவர் வரிசையாகச் சொல்ல, அதைப் பதிவு செய்தார்கள். அதே வருஷம் டிசம்பரில் வேறொரு விமான விபத்தில் அவர் இறந்துபோனார். அவர் விட்டுப் போன அந்த எதிர்க் கால்தான் இன்றைக்கும் என் கால்.

அடுத்து ஓர் இயற்பியல்காரர், ஃப்ரெடரிக் லிண்டமன். பின்னாளில் சர்ச்சிலுக்கு அறிவியல் ஆலோசகராக இருந்தவர். 1917-ல் ஃபார்ன்பரோவில் இருந்தபோது, ஸ்பின் ஏன் வருகிறது, எப்படிப் போகும் என்று கணக்குப் போட்டார். சும்மா காகிதத்தில் போட்டுவிட்டுப் போகவில்லை. அதற்காகவே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, தானே சுழன்று, சுழலும்போதே கருவிகளின் அளவுகளைக் கவனித்துக் குறித்துக்கொண்டு வந்தார். எனக்கு வாந்தி வந்த இடத்தில் அந்த மனிதர் அளவெடுத்திருக்கிறார்.

நம் ஊர்க் கதையும் இருக்கிறது. பெங்களூரில் ஹெச்.ஏ.எல். செய்த 'சிதாரா' என்ற பயிற்சி ஜெட் 2003-ல் முதன்முதலில் பறந்தது. பல வருஷம் அதைத் தாமதப்படுத்திய முக்கியமான சிக்கல் இந்த ஸ்பின்தான். கற்றுக்கொள்ளும் பையன்கள் ஓட்டப் போகிற விமானம், சுழன்றால் நிச்சயமாக மீள வேண்டுமே. கடைசியில் வாலில் நிற்கும் செங்குத்துப் பகுதியையே பின்னால் நகர்த்தி, ரடரின் பரப்பைக் கூட்டினார்கள். 2019-ல் திரும்பப் பறக்க விட்டார்கள். 2022 ஜனவரியில் இடப்பக்கம் ஆறு சுற்று, வலப்பக்கம் ஆறு சுற்று சுழன்று மீண்டு வந்ததாக அறிவித்தார்கள். முதலில் பறந்ததற்கும் இதற்கும் நடுவே கிட்டத்தட்ட 19 வருஷம்! படித்துவிட்டு, எனக்கு ஒரு நாள் கை வராததற்கு இவ்வளவு அழுகையா என்று தோன்றியது. கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் தெம்பு.

ஆனால் அன்று ராத்திரி என்னை உலுக்கியது வேறொன்று. 2009 ஜூன் 1. ரியோவிலிருந்து பாரிஸ் போன ஏர் ஃபிரான்ஸ் 447. 228 பேர். வேகம் காட்டும் கருவி பனிக்கட்டி அடைத்துக் கொஞ்ச நேரம் தப்பாகக் காட்ட, ஆட்டோ பைலட் விலகிக்கொண்டது. விமானத்தில் இருந்தவர்கள் புதியவர்கள் இல்லை. ஆனால் 38,000 அடி உயரத்தில் விமானம் ஸ்டால் ஆன பிறகும், ஓட்டியவர் பெரும்பாலான நேரம் மூக்கைத் தூக்கியே இழுத்துக்கொண்டிருந்தார். மூன்றரை நிமிஷம். அட்லான்டிக் கடல் வரைக்கும்.

அது ஸ்பின் இல்லை, ஸ்டால்தான். ஆனால் அந்தக் கை எனக்குத் தெரிந்த கை. அன்று மத்தியானம் நெஞ்சோடு சேர்த்து இழுத்த அதே கை.

காலையில் சாரைப் பார்த்து, "இன்னொரு தடவை போலாமா சார்?" என்றேன். "இட்லி சாப்பிடாமல் வந்தியா?" என்று கேட்டார். சாப்பிடவில்லை. "போய்ச் சாப்பிட்டு வா. காலி வயிறுதான் அதிகமா புரட்டும்."

இரண்டாம் நாள் அவர் ஒரு புது நிபந்தனை போட்டார். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுத்தான் கால்.

இறக்கை விழுந்தது. "லெஃப்ட்!" என்று கத்தினேன். வலது கால் போய் முட்டியது. கை? கையைப் பற்றி யோசிக்கவில்லை. வாய் பேசிவிட்டதாலோ என்னவோ, கைக்குப் பயப்பட நேரம் கிடைக்கவில்லை. தள்ளினேன். இருக்கையிலிருந்து உடம்பு எழும்பி பெல்ட்டில் தொங்கியது. தரை ஒருகணம் இன்னும் வேகமாகச் சுற்றிய மாதிரி இருந்தது, சட்டென்று நின்றது. அப்படியே நின்றது. கீழே ஒரு மோட்டார் கொட்டகை அசையாமல் தெரிந்தது. காலை நடுவுக்குக் கொண்டுவந்து, மெல்ல இழுத்தேன். இப்போது இழுக்கலாம். வானம் மேலிருந்து இறங்கி வந்து கண்ணாடியில் உட்கார்ந்தது.

"இன்னொண்ணு, வலது பக்கம்" என்றார்.

நான்கு செய்தோம். நான்காவதில் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறங்கி நடக்கும்போது, "உனக்குக் கை மோசம். கால் நல்ல கால். எங்கே கத்துக்கிட்டே?" என்றார்.

பொதுவாகப் புதுசாக வருகிறவர்களுக்குக் கால்தான் வராதாம். கையால்தான் எல்லாம் செய்யப் பார்ப்பார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. பத்து வயசிலிருந்து லீவு நாளில் அப்பாவின் குழித்தறியில் உட்கார்ந்திருக்கிறேன். குழிக்குள் கால் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மேலே நாடா ஓடும், கீழே மிதி மாறும். எந்தக் கால் என்று குனிந்து பார்த்தால் அப்பா பின்மண்டையில் ஒன்று வைப்பார்.

இதெல்லாம் தேவையா என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்கள் முட்டாள்கள் இல்லை. அமெரிக்காவில் 1949-லேயே தனியார் பைலட் லைசென்ஸுக்கு ஸ்பின் கட்டாயம் என்ற விதியை எடுத்துவிட்டார்கள். ஸ்பின் பழகும்போதே பலர் இறந்தார்கள், அதைவிட ஸ்டால் வராமல் தடுக்கவும், வந்தால் உடனே மீளவும் சொல்லிக்கொடுங்கள் என்பது அவர்கள் வாதம். பயிற்சியாளர் ஆகிறவர்களுக்கு மட்டும் ஸ்பின் அங்கே கட்டாயம். அவர்கள் சொல்வதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. ஸ்பின் பெரும்பாலும் ஆளைக் கொல்வது 6,000 அடியில் இல்லை. இறங்கும் முன், ரன்வேயைப் பார்த்துக் கடைசியாகத் திரும்பும்போதுதான். அங்கே உயரம் 500 அடி இருந்தால் அதிகம். ஒரு சுற்றுக்கே ஆயிரம் அடி வேண்டும் என்றால் 500 அடியில் எந்தப் பாடம் காப்பாற்றும்? ஒன்றும் காப்பாற்றாது.

இதை நான் காகிதத்தில் படித்ததோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

நாலைந்து மாசம் கழித்து, தனியாகப் பறந்துகொண்டிருந்தேன். சாயங்காலம். காற்று திசை மாறியிருந்தது, முதுகிலிருந்து தள்ளியது. ரன்வேக்குத் திரும்பும் கடைசித் திருப்பத்தை ஆரம்பிக்கும்போதே தெரிந்தது, நான் நேர்க்கோட்டைத் தாண்டிப் போகப் போகிறேன். இன்னும் சாய்த்துத் திருப்பப் பயம். இவ்வளவு தாழ்வில் அதிகம் சாய்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே. ரன்வே கண்ணாடியில் இடது பக்கமாக நகர்ந்து, நான் விட்டுவிடப் போகிறேன் என்று தெரிந்தது. அப்போது என் இடது கால், யாரும் சொல்லாமல், பெடலை மிதிக்க ஆரம்பித்தது. மூக்கை ரன்வே பக்கம் திருப்பி விட்டால் போதுமே என்று. மூக்கு கொஞ்சம் கீழே போனது. கை அதைத் தூக்கப் பார்த்தது. இடது இறக்கை இறங்கியது, அதைத் தூக்க யோக் வலது பக்கம் போனது.

ஹார்ன் ஊதியது.

உட்கார்ந்த இடத்தில் உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது எனக்குத் தெரிந்தது. அந்தச் சரிவு எனக்குப் பழக்கமான சரிவு. இறக்கை உருவப்படுவதற்கு முன்னால், அரை நொடிக்கு முன்னால் வரும் அதே சரிவு. அன்று அதைத்தான் நான் நான்கு தடவை வேண்டுமென்றே வரவழைத்தேன். யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். கை தள்ளியது. கொஞ்சம்தான், ஆனால் தள்ளியது. 500 அடியில், தரையைப் பார்த்து. கால் நடுவுக்கு வந்தது. ஹார்ன் நின்றது. இறக்கையை நேராக்கி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏறினேன். கன்ட்ரோல் டவரில் "கோயிங் அரவுண்ட்" என்று சொன்ன குரல் என் குரல் மாதிரியே இல்லை.

அடுத்த சுற்றில் இறங்கினேன். சாரிடம் போய்ச் சொன்னேன். மறைக்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது, சொல்லிவிட்டேன். காற்று எந்தப் பக்கம், எங்கே திரும்ப ஆரம்பித்தேன், கால் எப்போது போனது என்று எல்லாம் கேட்டார். "கோ அரவுண்ட் போட்டது சரி. ரன்வே நகருதுன்னு பார்த்ததுமே போட்டிருக்கணும். அடுத்த தடவை அப்போவே போடு" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். அவர் டீ வாங்கிக் கொடுத்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

அதனால் 1949 வாதத்துக்கு என் பதில் இதுதான். அந்தப் பாடம் 500 அடியில் என்னை ஸ்பின்னிலிருந்து மீட்கவில்லை, மீட்டிருக்கவும் முடியாது. ஆனால் ஸ்பின் வாசலில் எப்படி இருக்கும் என்பதை என் உடம்புக்குக் காட்டி வைத்திருந்தது. புத்தகத்தில் படித்த எச்சரிக்கை அந்த அரை நொடிக்குள் வந்து சேர்ந்திருக்குமா, தெரியாது. கூட ஒரு நல்ல ஆள் இருந்து, விமானம் அனுமதி உள்ளதாக இருந்து, உயரமும் இருந்தால், எல்லா மாணவருக்கும் ஒரு நாளாவது இதைக் காட்ட வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். வாந்தி வந்தாலும்.

லைசென்ஸ் கையில் வந்து ஊருக்குப் போனேன். வேலை இன்னும் கிடைக்கவில்லை. பெரிய விமானம் ஓட்ட வேண்டுமானால் அதற்குத் தனிப் பயிற்சி, அதற்குத் தனிக் காசு. அது இன்னொரு கதை. ஆரணி ரோடு ஸ்டேஷனில் இறங்கியபோது அம்மா நின்றிருந்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் ஆட்டோவில் மெதுவாக, "அன்னிக்கு ஒரு நாளு, சும்மா திரும்புறதுன்னு சொன்னியே..." என்று ஆரம்பித்தாள்.

"அப்பா சொல்லிட்டாரா?"

"அவரு எங்க சொல்றாரு. அன்னிக்கு ராத்திரி முழுக்க தறிமேட்டுல லைட்ட போட்டுக்கினு உக்காந்திருந்தாரு. ஒரு இழை ஓட்டல."

வீட்டில் அப்பா தறியில் இருந்தார். பாதி நெய்த அரக்கு நிறப் புடவை, முந்தானை வரப் போகும் நேரம். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் நாடாவை எடுத்து என் கையில் கொடுத்தார். "எப்படி விழும்னு காட்டு."

நாடாவின் மூக்கைத் தூக்கி, நிறுத்தி, இடது பக்கம் சாய்த்துச் சுற்றிக் காட்டினேன். பாவுக்கு மேலே, சரிகையில் படாமல்.

"இப்போ எந்தக் காலு?"

"வலது."

"கை?"

முன்னால் தள்ளிக் காட்டினேன். நாடாவின் மூக்கு புடவையைத் தொடப் போனது. அப்பா சட்டென்று கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார்.

"போதும் போதும். நாளைக்கு மறுநாளு முதலாளிக்குக் குடுக்கணும்" என்று நாடாவை வாங்கிக்கொண்டு மிதியை மாற்றினார்.